கடாக் கதை சொன்ன விருந்தாளி

டோர்ஸ்ஹாவ்ன்
பரோயே தீவுகள், 18 ஜூன் 1962

ஹோக்னிக்கு,

பெயருக்கு முன்னால் "அன்புள்ள" என்று போட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

நீ கிரீன்லாந்துக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் சமையலறையில் நின்றுகொண்டு, "மாடி அறைய எவனுக்காவது விட்டே, நான் வர்றப்ப அவன் பெட்டி தெருவுல கிடக்கும்" என்றாய். விட்டுவிட்டேன். மே மாதம் போய் அக்டோபரில் வருகிற மனிதனுக்கு, இடையில் தன் வீட்டு மாடியில் யார் குறட்டை விட்டால் என்ன? நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. நீ எதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறாய்? போன வருஷம் அந்த டேனிஷ் கம்பெனியோடு போய் வந்ததிலிருந்து ஊமையாகத் திரிந்தாய். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் எழுந்து போய் ஆட்டுக் கொட்டிலைக் கூட்டினாய்.

வந்திருப்பவர் பெயர் அக்செல். டென்மார்க்கில் எஸ்பியர் பக்கத்துக்காரர், ஏதோ அலுவலகத்தில் வேலையாம். கோபன்ஹேகன் கப்பலிலிருந்து இறங்கி, துறைமுகத்தில் யாரிடமும் வழி கேட்காமல் நேரே நம் வாசலுக்கு வந்தார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பச்சை ஜன்னல் வைத்த, தார் பூசிய கறுப்பு மரவீடு என்று கப்பலில் யாரோ சொன்னார்களாம். நம் ஊரில் பாதி வீடு அப்படித்தான், இருந்தாலும் சரியாக வந்துவிட்டார்.

"தலைநகரத்தப் பாக்கணும், மலையப் பாக்கணும், உங்க திருவிழா ஆட்டத்தப் பாக்கணும். மூணும் முடிஞ்சா கெளம்பிடுவேன்" என்றார். பக்கத்து வீட்டு எல்ஸ்பா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவள், "ஆட்டத்தப் பாக்க வந்தவன் ஆடாமப் போனதா சரித்திரமே இல்ல தம்பி" என்றாள். அவர் சிரித்தார். நல்ல பல்.

உலர்த்திய ஆட்டிறைச்சியைப் பார்த்து டேனிஷ்காரர்கள் மூக்கைப் பொத்துவார்களே, இவர் கத்தியை வாங்கி மெல்லிசாகச் சீவி, ருபார்ப் ஜாமோடு சாப்பிட்டார். நாம் சாப்பிடுகிற மாதிரியே.

மீன் எப்படி? அதையாவது எழுது.

சுன்னிவா


கிரீன்லாந்து, பரோயேக்காரர் துறை
4 ஜூலை 1962

சுன்னிவாவுக்கு,

மீன் இருக்கிறது. பனிமூட்டமும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வருகின்றன.

என் படகுத் துணை மோர்டனுக்குக் கையில் தூண்டில் முள் ஏறிச் சீழ் பிடித்துவிட்டது. முழங்கை வரைக்கும் சிவந்திருக்கிறது. டாக்டர் அவனை அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பச் சொல்கிறார். உன் தோமாஸ் மாமா கப்பல் தலைவராக இருந்து என்ன பயன், ஆள் கிடைக்காமல் அவரே தலையைச் சொறிகிறார். இரண்டு பேர் இல்லாமல் அந்தச் சின்னப் படகை வெளியே எடுக்க விடமாட்டார். ஆகவே கரையில் உட்கார்ந்து மீன் அறுத்து உப்புப் போடுகிறேன். மாலுமி விடுதிக் காப்பி வழக்கம் போலக் கழுநீர்.

மாடி அறை விஷயம். விட்டது விட்டாய். அந்த ஆள் ஊர் பார்க்க வந்தவரா, உன்னைப் பார்க்க வந்தவரா? கோபப்படாதே, சும்மா கேட்கிறேன். அலுவலகத்தில் வேலை என்றால் கையைப் பார். வாய் என்ன சொன்னாலும் கை தொழிலைச் சொல்லிவிடும்.

உலர்ந்த இறைச்சியை அவருக்கு அதிகம் போடாதே. எனக்கு மிச்சம் வை.

ஹோக்னி


டோர்ஸ்ஹாவ்ன்
16 ஜூலை 1962

அன்புள்ள ஹோக்னி,

பார்த்தாயா, போட்டுவிட்டேன். "சும்மா கேட்கிறேன்" என்று எழுதினாயே, அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் உனக்கு வந்த முதல் பொறாமை.

கையைப் பார்த்தேன். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது. இடது சுண்டுவிரலில் நுனிக் கணு இல்லை. கேட்டதற்கு, இளவயதில் கயிறு அறுத்துவிட்டது என்றார். நம் மொழியும் நன்றாகப் பேசுகிறார், படகுத்துறை ஆட்கள் பேசுகிற மாதிரிக் கொச்சையாக. எங்கே கற்றீர்கள் என்றால், "காது இருந்தாப் போதும்" என்கிறார்.

ஊரைச் சுற்றிக் காட்டினேன். மியூசியத்தில் பழைய படகின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. மூடும் நேரம் என்று காவலாளி வந்து சொல்ல வேண்டியிருந்தது. நாடகக் கொட்டகையில் பார்த்த நாடகத்தை மறுநாள் எல்ஸ்பா வீட்டில் அப்படியே நடித்துக் காட்டினார். குரல், நடை, இருமல் எல்லாம் அதே. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. இங்கே வரி கட்டிய சீட்டு இருந்தால்தான் மதுப் புட்டி வரும் என்று தெரிந்து, வரும்போதே இரண்டு புட்டி கொண்டுவந்திருக்கிறார். அதனால் எல்ஸ்பாவின் புருஷன் இப்போது அவருக்கு உயிர் நண்பன்.

அங்கே ஒரு வேடிக்கை. சின்ன வயதில் பாதிரியார் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கடா முட்டி ஓடைக்குள் தள்ளிவிட்ட கதையைச் சொன்னார். பாதிரியார் கை கொடுப்பதற்குப் பதிலாக ஜெபம் சொன்னாராம். அது உனக்கும் நடந்ததுதானே? டென்மார்க்கிலும் நம் ஊர் மாதிரியே கடாவும் பாதிரியாரும் இருக்கிறார்கள் போல.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு மலையைத் தாண்டிக் கிர்ச்சுபூர் பழைய தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது மூட்டம் இறங்கிவிட்டது. வழிக்கு வைத்த கற்குவியல்களில் அடுத்தது கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வந்துகொண்டிருந்தவரைக் காணோம். கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அந்தப் பக்கம் செங்குத்தான பாறை. கத்த ஆரம்பித்தேன். அப்போது என் தோளுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்திலிருந்து குரல் வந்தது.

"இங்கதான் இருக்கேன். நீங்க கூப்பிடுறது எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

விளையாட்டுக்குத்தான் செய்திருப்பார். மன்னிப்பும் கேட்டார். வீட்டுக்கு வந்து சூப் வைத்துக் கொடுத்தேன். ஆனாலும் அன்று படுக்கப் போகும்போது மாடிப்படிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அது ஏன் என்று நீ வந்த பிறகு யோசிக்கலாம்.

ஓலாவ் திருவிழா முடிந்ததும் கிளம்பிவிடுவதாகச் சொல்கிறார். உனக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன். மோர்டனுக்குக் கை எப்படி?

உன் சுன்னிவா


கிரீன்லாந்து, பரோயேக்காரர் துறை
28 ஜூலை 1962

சுன்னிவா,

உன் கடிதம் இன்று வந்தது. படித்தவுடன் ஓடிப் போய்த் தந்தி கொடுத்தேன். நாளைக்கு உன் கையில் இருக்கும். அதைப் பார்த்துக் கோபப்படுவாய். நம் ஊர்த் தந்தி ஆபீசில் உட்கார்ந்திருப்பவன் எல்ஸ்பாவின் புருஷன். அவன் அந்த ஆளோடு குடித்துக்கொண்டிருக்கிறான். ஆகவே "விருந்தாளியை வெளியேற்று" என்பதற்கு மேல் எழுதத் துணியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அந்தக் கடா என் கடா. ஓடையும் என் ஓடை. போன கோடையில் கப்பல் தளத்தில் மீன் அறுத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னேன். கேட்டவர்களில் ஒருவனுக்கு இடது சுண்டுவிரலில் நுனி இல்லை. அப்போது அவன் பெயர் ப்ரெபென். நம் வீட்டு ஜன்னல் பச்சை என்று சொன்னதும் நான்தான். பேச்சுத் துணைக்கு அவன் நல்ல ஆள். கேட்டுக்கொண்டே இருப்பான். வீடு எங்கே, அவள் எப்படி, என்ன சமைப்பாள் என்று கேட்பான். தனக்கென்று வீடு இல்லை என்பான். பாவம் என்று நினைத்து எல்லாரும் சொன்னோம்.

அவனோடு ஒரே படகில் போனவன் கார்ஸ்டன், டென்மார்க்கின் வடகோடியில் ஸ்காகன் ஊர்க்காரன். ஆகஸ்டில் ஒரு நாள் எங்கள் படகு அவர்கள் படகுக்குப் பக்கத்தில் இருந்தது. மூட்டம் மூடுவதற்கு முன்னால் பார்த்தேன். இரண்டு பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் படகில் யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள், இரண்டு பேர் எதிரெதிரே நிற்கவே மாட்டார்கள். மூட்டம் விலகியபோது ஒருவன் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். கார்ஸ்டனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றான். அழுதான். விசாரணையில் நான் பார்த்ததைச் சொன்னேன். "அடிச்சதப் பாத்தியா?" என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவுதான், விட்டுவிட்டார்கள்.

கார்ஸ்டனின் மனைவி இங்கெக்கு ஆறுதல் சொல்லி எழுதினேன். குளிர்காலத்தில் அவள் பதில் எழுதினாள். ப்ரெபென் தன் வீட்டில்தான் இருக்கிறான், விறகு பிளந்து கொடுக்கிறான், கார்ஸ்டனின் சட்டைகள் அவனுக்குச் சரியாக இருக்கின்றன, சில நேரம் பேச்சும் கார்ஸ்டன் பேசுகிற மாதிரியே இருக்கிறது, அது தனக்கு ஆறுதலாக இருக்கிறது என்று. வசந்தத்தில் ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டானாம்.

இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. கடலில் நடந்ததை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று நினைத்தேன்.

அவனோடு மலைக்குப் போகாதே. சண்டை போடாதே, காரணம் சொல்லாதே. எல்ஸ்பா வீட்டில் போய்ப் படுத்துக்கொள். கப்பல் ஏறும் வரை சிரித்துப் பேசி அனுப்பிவிடு.

ஹோக்னி


டோர்ஸ்ஹாவ்ன்
31 ஜூலை 1962

ஹோக்னி,

உன் தந்தி திருவிழா ஊர்வலத்தின் நடுவில் வந்தது. எல்ஸ்பாவின் புருஷன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தான். அவன் படித்துவிட்டான், அவன் படித்தால் தெரு முழுக்கப் படித்த மாதிரி. "மாப்பிள்ளைக்கு கிரீன்லாந்துலயும் சூடா இருக்கு போல" என்று ஒருத்தி சொன்னாள். புதுப் பாவாடையும் வெள்ளிக் கொக்கியும் போட்டுக்கொண்டு நான் நடுத்தெருவில் நின்றேன். இந்த அவமானத்தை எனக்கு நீ கொடுத்திருக்க வேண்டாம்.

கோபத்தில் அந்தத் தந்தியை அவரிடமே காட்டினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. நிதானமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன். தெரியாத ஆளுன்னு பயப்படுறார். நானே நேர்ல போய்ப் பேசிடறேன்."

நான் வேடிக்கை என்று நினைத்தேன். ஆனால் அன்று ஆட்டத்தில் வளையத்தில் கை கோத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மறுபடி சொன்னார். பழைய பாட்டு நடந்துகொண்டிருந்தது, பலகைத் தரை அதிர எல்லாரும் மிதித்தோம். அவருக்கு ஓரடிகூடத் தப்பவில்லை, பாட்டின் அடிகளும் தெரிந்திருந்தன. மோர்டன் ஊருக்கு வந்துவிட்டதையும், உன் படகில் ஆள் இல்லாததையும் நான்தான் சொன்னேன். "அப்ப நான் வரேன். கொஞ்சம் துடுப்புப் போடத் தெரியும்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். உனக்கும் துணை வேண்டும், உன் சந்தேகமும் தீரும். தோமாஸ் மாமாவுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இவர் நல்ல மாதிரி, ஹோக்னிக்கு வீண் பொறாமை, அவன் படகிலேயே இவருக்கு இடம் கொடுங்கள் என்று. உப்பு ஏற்றிய கப்பல் நாளை கிரீன்லாந்துக்குப் புறப்படுகிறது, அதில் போகிறார். கம்பளிச் சட்டையையும் இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன். குளிருமே என்று உன் பழைய எண்ணெய்த் துணிக் கோட்டையும் கேட்டார், கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். பின்னாலிருந்து பார்த்தால் நீயேதான். ஒரு நிமிஷம் எனக்கு என்னவோ போல இருந்தது.

திரும்பி வந்தால் மாடி அறை உங்களுக்குத்தான் என்று மரியாதைக்குச் சொல்லியிருக்கிறேன். அவரோடு ஒரு வாரம் பழகிப் பார், உனக்கே வெட்கமாக இருக்கும்.

கோபம் பாதி தீர்ந்துவிட்டது. மீதியை நேரில் தீர்த்துக்கொள்ளலாம்.

சுன்னிவா


கிரீன்லாந்து, பரோயேக்காரர் துறை
12 ஆகஸ்ட் 1962

அன்புள்ள சுன்னிவா,

நேற்று உப்புக் கப்பல் வந்தது. இறங்கு பலகையில் என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவன் இறங்கி வந்தான். உன் கடிதத்தைத் தன் கையாலேயே என்னிடம் கொடுத்தான். நான் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் வாய் திறந்திருந்தால் நீ இப்படிச் செய்திருக்கமாட்டாய்.

"நீ சொன்னதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. சுன்னிவா பாடுறது நீ சொன்ன அளவுக்கு மோசமில்ல" என்றான்.

சட்டையைப் பிரித்துப் பார்த்தேன். கைப்பகுதி சரியான அளவு.

தோமாஸ் மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உன் வரியை எடுத்துக் காட்டினார். "விசாரணையில விட்ட ஆளுப்பா. உனக்குப் பொறாமைன்னு என் மருமகளே எழுதியிருக்கா. வேணாம்னா சொல்லு, வேற படகுல போடுறேன்" என்றார்.

அதை யோசித்துக்கொண்டு மீன் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வேறு படகில் போட்டால் அங்கே இன்னொருவன் தன் வீட்டைப் பற்றி அவனிடம் பேசுவான். வேண்டவே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அடுத்த கப்பலில் நம் ஊருக்கு வருவான், மாடி அறை அவனுக்கென்று நீ சொல்லியிருக்கிறாய். நான் அக்டோபர் வரை இங்கே.

மாமாவிடம் போய், என் படகிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோஷம், முதுகில் தட்டினார். அவனும் சந்தோஷப்பட்டான்.

என் வீட்டில் இருப்பதைவிட என் படகில் இருக்கட்டும். நாளை வடக்கே தீவுகளுக்குப் போகிறோம். அங்கே கூடாரம் அடித்துப் பத்துப் பதினைந்து நாள் மீன் பிடிப்போம். அவனுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டேன், பயப்படாதே.

கதவைப் பூட்டிக்கொள்.

ஹோக்னி


டோர்ஸ்ஹாவ்ன்
14 ஆகஸ்ட் 1962

ஹோக்னி, என் ஹோக்னி,

28-ஆம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. அவனை உன்னிடம் அனுப்பியது நான். சட்டை கொடுத்து, கோட்டுக் கொடுத்து, சிபாரிசும் கொடுத்து அனுப்பியது நான்.

படித்ததும் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். எல்ஸ்பாவின் புருஷன் படிக்கட்டும், ஊரே படிக்கட்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவன் முகம் வெளுத்துப் போய்த் தந்தியை அடித்தான். சாயங்காலம் பதில் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் வடக்கே போய்விட்டீர்களாம். அங்கே தந்தி இல்லையாம். போகிற படகு கிடைத்தால் சொல்லி அனுப்புவார்களாம்.

பிறகு மாடிக்குப் போனேன். அவன் போனதிலிருந்து நான் அந்த அறையைத் திறக்கவில்லை. அவன் துணிகள் எல்லாம் மடித்து அலமாரியில் இருக்கின்றன. உன் சவரக் கண்ணாடியைக் கீழிருந்து எடுத்துப் போய் அங்கே மாட்டியிருக்கிறான், பக்கத்தில் அவன் சவரப் பிரஷ். போகிறவன் வைத்துவிட்டுப் போகிற விதம் அல்ல அது.

எல்ஸ்பாவிடம் சொல்லி அழுதேன். "குளிர் வர்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்குத் தார் பூசிடறேன்னு சொன்னாரேடி. கடையில தாருக்கும் சொல்லி வெச்சிட்டேன்னாரு. ஹோக்னிதான் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்" என்றாள்.

ஹோக்னி, இந்தக் கடிதம் உன்னை வந்து அடையும்போது நீ படிக்கிற நிலையில் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவனிடம் எதுவும் பேசாதே. நான் இறந்துவிட்டேன் என்று வேண்டுமானாலும் சொல். வீடு எரிந்துவிட்டது என்று சொல்.

சுன்னிவா


கிரீன்லாந்து, பரோயேக்காரர் துறை
29 ஆகஸ்ட் 1962

அன்புள்ள சுன்னிவா,

நான் திரும்பி வந்துவிட்டேன். அவன் வரவில்லை.

உன் தந்தியும் கடிதமும் இங்கே வந்த பிறகுதான் கிடைத்தன. வடக்கே எந்தப் படகும் எங்களைத் தேடி வரவில்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. வேலை தெரிந்தவன். காப்பி போடுவான், கூடாரத்தைச் சுத்தமாக வைத்திருப்பான். உன்னைப் பற்றிப் பேசுவான். நான் பதில் சொல்லாவிட்டாலும் பேசுவான். நீ ரொட்டி மாவு பிசையும்போது நெற்றியைத் தோளில் துடைப்பாயாமே. எனக்கு அது தெரியாது. ஆறு வருஷமாக உன்னோடு இருக்கிறேன், நான் அதைப் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் பாறைத் தீவுகளுக்கு வெளியே மூட்டம் மூடியது. அலை பெரிதாக இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அதிகாரி கேட்டார், சொன்னேன், எழுதிக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை மூடினார். உனக்கும் அதையே எழுதிவிடலாம். இரண்டு தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

தோமாஸ் மாமா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே இருக்கிறார். விடுதியில் சாப்பிட உட்கார்ந்தால் என் இரண்டு பக்கமும் தேவைக்கு அதிகமாக இடம் விடுகிறார்கள். புதிதாக என் படகில் வர யாரும் முன்வரவில்லை. அதனால் என்னைச் சீக்கிரமே அனுப்புகிறார்கள். செப்டம்பர் கடைசியில் வருகிற கப்பலில் ஏறுகிறேன்.

சட்டை நன்றாகச் சூடாக இருக்கிறது.

ஹோக்னி


டோர்ஸ்ஹாவ்ன்
12 செப்டம்பர் 1962

ஹோக்னிக்கு,

கப்பல் ஏறுவதற்குள் இது கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். இரண்டாவது வரியைப் படித்தபோதும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மறுநாள்தான் மிச்சத்தை நிதானமாகப் படித்தேன். "அலை பெரிதாக இல்லை" என்று எழுதியிருக்கிறாய். அதை ஏன் எழுதினாய்? எழுதாமல் விட்டிருக்கலாம். நீ வேண்டுமென்றேதான் எழுதினாய் என்று தோன்றுகிறது. உன்னால் என்னிடம் பொய் சொல்லவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

அவனை அனுப்பியவள் நான். ஆகவே உன்னை நிறுத்திக் கேள்வி கேட்க எனக்கு என்ன உரிமை என்று நினைக்கிறேன். பிறகு, எனக்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு என்றும் நினைக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு நினைப்பு.

அவன் துணிகளைப் பெட்டியில் அடைத்துக் கோபன்ஹேகன் கப்பலில் ஏற்றிவிட்டேன். எல்ஸ்பா அறையைச் சலவைச் சோடாப் போட்டுக் கழுவிக் கொடுத்தாள். தெருவில் பெண்கள் வந்து, நல்ல மனுஷன், என்ன அழகாக ஆடினான், கடல் இப்படிக் கொண்டுபோய்விட்டதே என்று என்னிடம் துக்கம் கேட்கிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன். எல்ஸ்பாவின் புருஷன் மட்டும் என் கண்ணைப் பார்ப்பதில்லை. நான் கொடுத்த தந்தியில் இருந்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு இருப்பதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அது எனக்கு நிம்மதியாக இல்லை.

ஸ்காகனில் இருக்கிற இங்கெக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவள் கணவனைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எழுதினேன். அவளுக்கு அது தெரிய வேண்டும். அந்த ஆள் இனி வரமாட்டான் என்றும் எழுதினேன். எப்படிப் போனான் என்று எழுத வந்தபோது பேனா நின்றுவிட்டது. கடைசியில் விபத்து என்று எழுதி உறையை ஒட்டினேன். தபாலிலும் போட்டுவிட்டேன். ஆகவே அந்த வார்த்தை இனிமேல் உன்னுடையது மட்டும் அல்ல.

கப்பல் வருகிற அன்று மற்றப் பெண்களோடு நானும் துறைமுகத்துக்கு வருவேன். நீ இறங்கி வரும்போது ஓடி வருவேனா, நின்ற இடத்திலேயே நிற்பேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. நின்றுவிட்டால் நீயே நடந்து என் பக்கத்தில் வந்து நில். எல்லாரும் பார்ப்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். உள்ளே போனதும் கதவைச் சாத்திய பிறகு, நீ என்னை முதலில் பார்க்கிற பார்வையிலேயே படகில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்த பிறகு என்ன செய்வேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

சுன்னிவா